மணி ஒலிக்காத மாலை

நவம்பர் இரண்டாம் நாள் மாலையில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் கொள்ளும் கோலமே தனி. புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய சிலுவைகள், செவ்வந்தி மாலைகள், வரிசை வரிசையாக மெழுகுவர்த்திகள், வாயிலில் பொரிகடலை வண்டி. பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாகச் சென்று தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கோவில்பிள்ளை தூபக் கலசத்துடன் பின்தொடர்வார். இதனை எழுதும் நாம் குருப்பட்டம் பெற்ற 1997 முதல் ஆண்டுதோறும் இப்பணியைச் செய்து வருகிறோம். ஆயினும் நாம் பணியாற்றிய ஊர்கள் பலவற்றில், தோட்டத்தின் கடைக்கோடியில் மதிலை ஒட்டி, முட்செடி மண்டிய ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே சிலுவை இல்லை, பெயர் இல்லை, மெழுகுவர்த்தி ஏற்றுவாரும் இல்லை. திருமுழுக்குப் பெறுமுன் இறந்த சிசுக்களை அடக்கம் செய்யும் இடம் அது. நம் தீர்த்தச் செம்பு அந்த எல்லைக்கு முன்னரே திரும்பிவிடும். ஏன் திரும்புகிறது என்று நாமும் கேட்கவில்லை. நம்மை எவரும் கேட்கவுமில்லை.

கேட்ட ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை.

2004ஆம் ஆண்டு நாம் தென்கோடிப் பங்கு ஒன்றில் பொறுப்பேற்றிருந்தோம். உப்பளத்தையும் பனையையும் நம்பிய எளிய மக்கள். திருவிழா முடிந்த வாரம் அது. அறையில் அமர்ந்து வரவுசெலவுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். உபதேசியார் வந்து வாசலில் நின்றார்.

"சாமி, அந்த உப்பளத்துப் பையனுக்குப் பிள்ளை இறந்தே பிறந்திருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்துட்டான். கோவில் மணி அடிச்சு ஒரு செபம் சொல்லி எடுக்கலாமான்னு கேக்கான்."

"திருமுழுக்குக் கொடுத்தார்களா?"

"வயித்துக்குள்ளயே போயிட்டு சாமி."

"அப்படியானால் அடக்கச் சடங்கு இல்லை. வழக்கம்போல் செய்துகொள்ளச் சொல்லும்."

இவ்வளவே. நாம் மீண்டும் கணக்கிற்குத் திரும்பினோம். அந்த இளைஞன் வெள்ளைத் துணியில் சுற்றிய தன் தலைமகனைக் கையில் ஏந்தியபடி கோவில் முற்றத்தைக் கடந்து சென்றதைச் சன்னல் வழியே கண்டதாக நினைவு. உடன் மண்வெட்டியுடன் ஒருவர் மட்டும் சென்றார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் அறியாமையினால் மறுக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1183ஆம் சட்டம், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தை அதற்குமுன் இறந்தால், தலத்திருச்சபையின் ஆளுநர் அடக்கச் சடங்கிற்கு அனுமதி வழங்கலாம் என்கிறது. குருமடத்தில் நாம் தேர்வில் எழுதிய விடை அது. 1969இல் திருத்தப்பட்ட உரோமை அடக்கச் சடங்கு முறையிலேயே இத்தகைய குழந்தைக்கெனத் தனி மன்றாட்டுகள் உள்ளன. 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலிலும் உள்ளன. ஆயர் இல்லத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. அதற்குரிய ஐந்து நிமிடம் நம்மிடம் இருக்கவில்லை. திருவிழாக் கணக்கிற்கு இருந்தது.

மூன்றாம் நாள் அந்த வீட்டிற்குச் சென்றோம். பிரசவத்திற்கு வந்திருந்த தாய்வீடு அது. அப்பெண் சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருந்தாள். அறை முழுவதும் மல்லிகை மணம் நிறைந்திருந்தது. துக்க வீட்டில் பூ எதற்கு என்று நம் மனம் சற்றே சுளித்தது. பிறகு நாம் ஆறுதல் உரைத்தோம். இறைவன் தம் தோட்டத்திற்கு ஒரு மலரைப் பறித்துக்கொண்டார் என்றோம். நீ சிறியவள், அடுத்த ஆண்டே வேறொரு குழந்தையைத் தருவார் என்றோம். அழுதால் உடம்பு கெடும் என்றோம். அவள், "சரி சாமி" என்றாள். மனம் தேறிவிட்டாள் என்று எண்ணி, சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுத் திரும்பினோம்.

பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2023ஆம் ஆண்டு, நகரப் பங்கு ஒன்றில், புதிதாகக் குடிவந்த குடும்பங்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டிருந்தோம். நடுவயதுப் பெண்மணி ஒருவர் படிவத்தை நீட்டினார்.

"எத்தனை பிள்ளைகள் அம்மா?"

"மூணு சாமி."

"இரண்டு பெயர்தானே எழுதியிருக்கிறது?"

"மூத்தவன் உங்க பழைய பங்குலதான் இருக்கான் சாமி, கல்லறைத் தோட்டத்துல. எந்த இடம்னு எனக்குத் தெரியாது."

நாம் நிமிர்ந்து பார்த்தோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ள வந்தவரல்லர். கேட்ட கேள்விக்கு உண்மையான விடையைச் சொன்னார், அவ்வளவுதான். பதிவை நிறுத்தி வைத்துவிட்டு அவரை அமரச் சொன்னோம். அன்று ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அவர் பேசினார். இம்முறை நாம் குறுக்கே எதுவும் சொல்லவில்லை.

பிரசவம் முடிந்ததும் துணியால் மூடி எடுத்துச் சென்றுவிட்டார்களாம். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஆணா பெண்ணா என்பதையே பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சொல்லித்தான் அறிந்தாளாம். அந்தப் பொதுப் பிரிவில் எல்லாத் தாய்மார்களுக்கும் அருகில் பிள்ளை இருந்தது. இரவெல்லாம் ஏதேனும் ஒன்று அழும். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து உட்காருவாள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதை உடல் அறியாது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சுரப்புநீர்கள் மாறிப் பால் ஊறத் தொடங்கிவிடும். குடிக்க வாயில்லாத பால் நெஞ்சில் கல்லாய் இறுகிக் காய்ச்சலும் கண்டது. அதை வற்றச் செய்யத்தான் அவள் தாய் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டியிருந்தார்.

அந்த மணத்தைத்தான் நாம் சுளித்தோம். பாட்டிமார் கைவைத்தியமாகிய இதனை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களே ஆராய்ந்து, பலன் உண்டென்று 1988இல் வெளியிட்டுள்ளனர் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். பூவின் பொருளை அந்தத் தாய் அறிந்திருந்தார். பூவைப் பற்றி அழகாகப் பேசிய நாம் அறிந்திருக்கவில்லை.

"அதுலேர்ந்து நான் மல்லிகை வைக்கிறதில்ல சாமி" என்றார் அப்பெண்மணி. பிறகு, "எல்லாரும் அடுத்த பிள்ளையப் பத்தியே பேசினாங்க. நீங்களும் அதத்தான் சொன்னீங்க. அவனப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல" என்றார்.

கேட்ட ஒருவர் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி. வேதம் படித்தவரல்லர், எழுதப் படிக்கவும் தெரியாதவர். நண்பகல் வேலை ஓய்ந்ததும் வருவார். வெற்றிலை இடித்துக்கொண்டே அருகில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "யாரு சாயல்டி பிள்ளை?" என்று கேட்டாராம். பார்க்கவில்லை என்று சொல்லி அன்றுதான் வாய்விட்டு அழுதாளாம். பாட்டி தடுக்கவில்லை. மறுநாளும் வந்தார்.

விவிலியத்தில் சூனேம் ஊர்ப் பெண்ணின் வரலாறு அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. தன் மடியிலேயே மகன் இறந்துபோன பின், அவள் கழுதைமேல் ஏறி இறைவாக்கினர் எலிசாவைத் தேடிச் செல்கிறாள். வழியில் பணியாளன் கேகசி நலம் விசாரிக்கும்போது எல்லாம் நலமே என்கிறாள். அந்தச் சொல்லுக்கும் நாம் கேட்ட "சரி சாமி"க்கும் வேறுபாடு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கேட்பவனிடம் சொல்லிப் பயனில்லை என்று கண்டவளின் விடை அது. அவள் எலிசாவின் காலைப் பிடித்துக்கொண்டபோது கேகசி தள்ளிவிட வருகிறான். எலிசா அவனைத் தடுத்து, அவள் உள்ளம் கசந்திருக்கிறது, ஆண்டவர் இதை எனக்கு மறைத்துவிட்டார் என்னும் பொருள்படப் பேசுகிறார். இறைவாக்கினரே தமக்குத் தெரியாது என்கிறார். நமக்கோ எல்லாம் தெரிந்திருந்தது: கடவுள் ஏன் பறித்தார், எங்கே நட்டார், அடுத்து எப்போது தருவார் என்பதெல்லாம். நாம் கேகசியாகவே இருந்தோம்.

நம் தாய்மாரை வாட்டிய மற்றொரு சுமையையும் சொல்ல வேண்டும். அதனை ஏற்றியவர்கள் குருக்களாகிய நாமே. திருமுழுக்கின்றி இறந்த குழந்தை விண்ணகம் சேராது, 'லிம்போ' என்னும் இடத்தில் இருக்கும் என்று முந்தைய தலைமுறையினர் மறைக்கல்வியில் கேட்டிருப்பர். புனித அகுஸ்தினார் அக்குழந்தைகளுக்கும் மிக இலேசான தண்டனை உண்டு என்று கருதினார். இடைக்கால இறையியலார் அதனைத் தளர்த்தி, துன்பமில்லாத, ஆனால் இறைக்காட்சியும் இல்லாத நிலை என்றனர். இது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. ஆனால் அறிவிக்கப்படாத ஒன்று, கல்லறைத் தோட்டத்தில் மதிலோரத்து எல்லைக்கோடாக நின்றுவிட்டது. அயர்லாந்து நாட்டிலும் இவ்வாறே சிசுக்களைத் தனி நிலங்களில் இரவில் புதைத்த வழக்கம் இருந்தது.

1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1261ஆம் எண்ணில், இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது; குழந்தைகள்மீது இயேசு காட்டிய பரிவைச் சுட்டி, அவர்களுக்கு மீட்பின் வழி உண்டென நம்பலாம் என்கிறது. பன்னாட்டு இறையியல் குழு இதனையே விரிவாக ஆய்ந்து, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு 2007இல் ஏடொன்றை வெளியிட்டது. திட்டவட்டமான அறிவு என்று சொல்லாமல், நம்பிக்கை கொள்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்று அது சொன்ன அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஏட்டை நாம் வெளிவந்த ஆண்டிலேயே வாசித்தோம். குறிப்பும் எடுத்தோம். மதிலோரத்து நிலம் அப்போதும் நம் நினைவுக்கு வரவில்லை.

அப்பெண்மணியின் கதைக்குத் திரும்புவோம். நாற்பது நாள் கழிந்தும் அவளுக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளை அழும் ஒலி கேட்பதாக எழுந்து ஓடுவாள். பறிகொடுத்த தாய்மாருள் பலருக்குத் தொடக்கத்தில் இவ்வாறு கேட்பதுண்டு; வயிற்றில் அசைவு தெரிவதும் உண்டு; அதனை உடனே பைத்தியம் என்று எண்ணிவிடலாகாது. ஆனால் அவள் நிலை வாரம் தோறும் மோசமாகியது. உணவு இறங்கவில்லை. நான் தூக்கிய தண்ணீர்க் குடத்தால்தான் பிள்ளை இறந்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனிடம் போய்விட வேண்டும் என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வலுத்துவிட்டது. வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டினர். நற்கருணை ஆசீருக்கும் அழைத்து வந்திருக்கிறார்கள். நாம் தலையில் கைவைத்துச் செபித்திருக்கிறோம், முகம் நினைவில்லை.

அவளைக் காத்தவர் பங்கு மருந்தகத்தில் இருந்த ஒரு கன்னியர். மாத்திரை வாங்க வந்தவளைத் தனியே அழைத்து, "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டாராம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அது அவ்வாறு விதைப்பதில்லை என்பதே மனநல மருத்துவம் கண்ட உண்மை. கேட்டவுடன் பெரும்பாலோர்க்குச் சுமை இறங்குகிறது. அந்தக் கன்னியர் மறுநாளே அவளை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். சில மாதம் மருந்தும் பேச்சுமாகச் சிகிச்சை நடந்தது. ஊருக்கு வயிற்றுவலி என்று சொல்லி வைத்தார்கள்.

வயிற்றுவலி என்று சொல்ல நேர்ந்ததில் நமக்கும் பங்குண்டு. துக்கம் வேறு, நோய் வேறு என்று நாம் பிரசங்கத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. துக்கம் அலைபோல் வந்து போகும். நடுவே ஒரு வாய்ச் சோறு இறங்கும், ஒரு சிரிப்பும் வரும். நோயோ இறங்காமல் நிற்கும். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இன்றி, தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு, சாவை நாடும் தாய்க்கு மருத்துவர் தேவை. செபம் அதற்கு மாற்று அன்று. பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் பத்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார்கள். அதன் தமிழ் வடிவமும் உண்டு. பத்தாவது கேள்வி, அந்தக் கன்னியர் கேட்டதைப் போன்றதே. இன்று 14416 என்ற எண்ணை அழைத்தால் நடுவண் அரசின் 'டெலிமானஸ்' சேவையில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்த எண்ணை நம் கோவில் அறிவிப்புப் பலகையில் ஓலைகளுக்கு அருகில் எழுதி வைத்துள்ளோம். ஓலை என்றது திருமண அறிவிப்பை. இளம் தம்பதியர் கண்ணில் படட்டும் என்றுதான்.

2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 19 இலட்சம் குழந்தைகள், ஏழாம் மாதம் நெருங்கியபின் அல்லது கடந்தபின், இறந்தே பிறந்தன என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கு கூறுகிறது. அதற்கு முன்பே கலைந்தவை அக்கணக்கில் இல்லை. எனவே ஞாயிறு திருப்பலியில் நம்முன் அமரும் தாய்மாருள் எத்தனை பேர் படிவத்தில் எழுதாத ஒரு பிள்ளையோடு அமர்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இறப்பினால் மட்டும் பிள்ளை பிரிவதில்லை. 1992இல் நம் மாநிலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபின், வறுமையாலோ, ஊர்ப்பழிக்கு அஞ்சியோ, பெண்ணாய்ப் பிறந்ததாலோ தொட்டிலில் இட்டுத் திரும்பிய தாய்மாரும் உண்டு. பிழைத்தது குழந்தை என்று நாம் மகிழ்கிறோம், அது சரியே. ஆனால் திரும்பி நடந்த அந்தத் தாய்க்கும் மூன்றாம் நாள் பால் ஊறியிருக்கும். அவளுக்கு அழவும் உரிமை இல்லை. ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் அத்தகைய துயரைக் கேட்க நேர்ந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது பாவம் எத்தனை முறை என்பதன்று.

2023க்குப் பின் நம் பங்கில் சிலவற்றை மாற்றியுள்ளோம். இறந்து பிறந்த குழந்தைக்கும் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு. பெற்றோர் விரும்பினால் மணியும் உண்டு. பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறோம். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று தாய் கேட்டால் மறைக்க வேண்டாம், வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்கிறோம். அன்பியக் கூட்டத்தில் இதை முதன்முறை பேசியபோது மூத்த ஆண்கள் சிலர், "இதெல்லாம் பேசுற காரியமா சாமி?" என்றனர். பின்வரிசையில் இருந்த அவர்களுடைய மனைவியர் ஒருவரும் அவ்வாறு சொல்லவில்லை. வீடு சந்திக்கச் செல்லும் பெண்களுக்கு நாம் சொல்வது சிறிதுதான்: சென்று உட்காருங்கள், 'அடுத்த பிள்ளை' என்ற சொல்லை எடுக்காதீர்கள், நாற்பது நாள் கழிந்தபின்னும் செல்லுங்கள், அக்குழந்தை பிறந்த நாள் திரும்பி வரும்போதும் செல்லுங்கள். அந்தப் பாட்டி செய்ததற்கு மேல் நாம் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

தந்தையரைப் பற்றி நமக்கு வெகுகாலம் ஒன்றும் தெரியாதிருந்தது. ஆண் அழக்கூடாது என்று வளர்த்துவிட்டு, அழாதவனுக்குத் துயரில்லை என்றும் முடிவுகட்டிவிடுகிறோம்.

அந்த ஆண்டு நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, அப்பெண்மணியையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு பழைய பங்கிற்குச் சென்றோம். அங்கிருக்கும் பங்குத்தந்தையிடம் முன்னரே சொல்லியிருந்தோம். இளையவர், காரணம் கேட்டுவிட்டு, தாமே முட்செடிகளை வெட்டச் செய்திருந்தார். மதிலோரம் முழுவதும் ஒன்றுபோல் தெரிந்தது. இடம் தெரியாவிட்டால் பொதுவாக மந்திரித்துவிடலாம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கணவர் முன்னே நடந்து, மதிலில் செங்கல் ஒன்று பெயர்ந்திருந்த இடத்தருகே நின்றார். காலடியில் தட்டைக் கல் ஒன்று பதிந்திருந்தது. அதன்மேல் பழைய மெழுகு உருகி உறைந்து, கறுத்து, பல அடுக்காய் இருந்தது.

"வருசா வருசம் வருவேன் சாமி" என்றார். "கூட்டம் போன பிறவு."

அவர் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்தொன்பது ஆண்டில் இருவரும் இதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லையாம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டோம். அவர் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று பின்னர்க் கேட்டுக்கொண்டார், ஆகவே எழுதவில்லை. 1969ஆம் ஆண்டு முதல் நூலில் இருந்த அந்த மன்றாட்டை, அப்பெயரைச் சொல்லி, நாம் வாசித்தோம். கோவில்பிள்ளை மணியடிக்கச் சென்றார்.